கருவி வருமுன் ஒத்திகை



இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்' என்ற சொல் காதில் விழுகிறது. முடிவெடுப்பவருக்குத் துணை நிற்கும் ஏற்பாடு என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சில் 'எய்த் அ லா தெசிசியோன்' என்பார்கள். எனக்கு அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான் பிடிக்கும். 'எய்த்' என்றால் உதவி. முடிவு மனிதனுடையது, ஏற்பாடு உதவி செய்கிறது, அவ்வளவே. கணினி வந்த பிறகுதான் இப்படி ஒன்று பிறந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். மர மேசை, தொலைபேசி, வண்ண வில்லைகள், ஒரு சுவர்க் கடிகாரம் ஆகியவற்றை வைத்துக் கட்டிய ஓர் ஏற்பாட்டைப் பற்றி இன்று எழுதுகிறேன். 1940இல் அது ஒரு நாட்டைக் காக்க உதவியது. ஆனால் அதை எப்படித் திட்டமிட்டு, எப்படி ஒத்திகை பார்த்துக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் 1940 என்றால் ஜூன் மாதம். பாரிஸ் விழுந்தது, பெத்தேன் போர்நிறுத்தம் கேட்டார், 18ஆம் தேதி த கோல் லண்டன் வானொலியில் பேசினார். செப்டம்பரில் நம் ஊர் கவர்னர் போன்வேன் த கோல் பக்கம் சேர்ந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் நடந்தது எங்களுக்கு ஒரு பத்தியோடு முடிந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்திய குமாஸ்தா நான். அந்தக் கதையில் விமானிகளைவிட மேசையைச் சுற்றி நின்றவர்கள் மேல்தான் என் கண் போயிற்று.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1932இல் பிரிட்டனின் மூத்த தலைவர் பால்ட்வின், எதிரியின் குண்டுவீச்சு விமானத்தை யாராலும் தடுக்க முடியாது, அது எப்படியும் உள்ளே வந்துவிடும் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். அவர் சொன்னதில் காரணம் இருந்தது. பிரான்சின் கரையிலிருந்து டோவர் வரை கடல் சுமார் 34 கிலோமீட்டர்தான். வேகமான விமானம் சில நிமிடங்களில் தாண்டிவிடும். அதைத் தடுக்கும் சண்டை விமானமோ தரையிலிருந்து கிளம்பி 20,000 அடி உயரம் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்நேரமும் வானத்தில் காவல் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்றால் அத்தனை விமானம் இல்லை, அத்தனை பெட்ரோலும் இல்லை. சுற்றுகிறவன் ஒரு பக்கம் இருக்க, வருகிறவன் மறுபக்கம் வந்துவிடுவான்.

அதுவரை அவர்கள் கைவசம் இருந்தது காது. கென்ட் மாவட்டக் கடற்கரையில் டெஞ்ச் என்னும் இடத்தில் காங்கிரீட்டால் பெரிய குழிவான சுவர்கள் கட்டி, வரும் விமானத்தின் ஓசையைத் திரட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. விமானங்களின் வேகம் கூடக் கூட, ஓசை காதில் விழும்போது விமானமே தலைக்கு மேல் வந்துவிட்டிருக்கும்.

1935 ஜனவரியில் ஹென்றி டிஸர்ட் என்ற வேதியியல் அறிஞரின் தலைமையில் ஒரு சிறிய விஞ்ஞானிகள் குழு கூடியது. வானொலி அலையால் விமானத்தை எரித்து வீழ்த்த முடியுமா என்று ராபர்ட் வாட்சன்-வாட் என்பவரிடம் கேட்டிருந்தார்கள். அவருடைய உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, எரிக்க முடியாது, ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அது இருப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்றார். 1935 பிப்ரவரி 26ஆம் தேதி டேவன்ட்ரி ஊரில் பி.பி.சி.யின் ஒலிபரப்பு நிலையத்தை வைத்துச் சோதித்தார்கள். ஹேஃபோர்ட் வகை விமானம் ஒன்று அலைக்குள் பறக்க, சுமார் 8 மைல் வரை அது தெரிந்தது. பின்னாளில் ரேடார் என்று பெயர் பெற்றது அதுதான்.

பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ரேடார் கண்டுபிடித்தார்கள், வென்றார்கள் என்று. அப்படியானால் ஜெர்மானியர் ஏன் வெல்லவில்லை? அவர்களிடம் ஃபிரேயா, வூர்ட்ஸ்பர்க் என்று இரண்டு ரேடார்கள் இருந்தன. கருவி என்று மட்டும் பார்த்தால் பிரிட்டனின் கரையோரக் கோபுரங்களைவிட அவை நுட்பமானவை. பிரான்சும் பின்தங்கி நிற்கவில்லை. 1935இல் நார்மண்டி என்ற பெரிய பயணிக் கப்பலில், வழியில் பனிப்பாறை இருந்தால் அறிய வானொலி அலைக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். 1940 மே மாதம் மோரிஸ் போந்த் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தம் நிறுவனம் செய்த மேக்னட்ரான் குழாயைப் பிரிட்டனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆக, கருவி மூன்று நாட்டிலும் இருந்தது. பிரிட்டனிடம் மட்டும் வேறொன்று கூடுதலாக இருந்தது.

அதுதான் 1936 ஆகஸ்டில் லண்டனுக்குத் தெற்கே பிக்கின் ஹில் விமான தளத்தில் தொடங்கிய ஒத்திகை.

தேதியைக் கவனியுங்கள். அப்போது ரேடார் இன்னும் சோதனைக் கூடத்தில்தான் இருந்தது. எதிரி எங்கே என்று நம்பகமாகச் சொல்லும் நிலைக்கு அது வரவில்லை. ஆனால் டிஸர்ட் ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு ரேடார் வேலை செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். எதிரி இத்தனை மைலில், இந்தத் திசையில் வருகிறான் என்று சில நிமிடம் முன்னதாக நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? யார் யாரிடம் சொல்வது? விமானியை எந்தத் திசையில் போகச் சொல்வது? கருவி வந்த பிறகு இதை யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும், இப்போதே பழகிப் பார்ப்போம் என்றார்.

அப்படியே செய்தார்கள். சில விமானங்கள் எதிரியாக நடித்தன. 32ஆம் படைப்பிரிவின் சண்டை விமானங்கள் அவற்றைப் பிடிக்க வேண்டும். ரேடார் இருந்தால் எப்படிப்பட்ட தகவல் கிடைக்குமோ, அதே மாதிரித் தகவலை மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுத்தார்கள். அறையில் இருப்பவர் வரைபடத்தில் குறித்து, வானொலித் தொலைபேசியில் விமானிக்குத் திசை சொல்ல வேண்டும். முதலில் எதிரி விமானம் நேர்கோட்டில் வந்தது. அதில் கை பழகியதும் வழியில் திசை மாற்றி வரச் சொன்னார்கள். கிரென்ஃபெல் என்ற விமானப்படை அதிகாரியும் டிக்கின்ஸ் என்ற விஞ்ஞானியும் கூடவே இருந்து ஒவ்வொரு முயற்சியையும் குறித்துக்கொண்டார்கள்.

அங்கே நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எதிரி ஒரு திசையில் போகிறான், நம் விமானம் வேறோர் இடத்தில் இருக்கிறது, இரண்டும் எங்கே சந்திக்கும்? இதைக் கணக்கிட முதலில் வழிகாட்டும் பயிற்சி பெற்றவர்களை அமர்த்திக் கணக்குக் கருவிகளையும் கொடுத்தார்கள். விடை சரியாகத்தான் வந்தது. வருவதற்குள் எதிரி வேறெங்கோ போயிருப்பான். டிஸர்ட் ஒரு சுலபமான வழி சொன்னார். இரண்டு விமானங்களையும் சேர்த்து ஒரு கோடு போடு. அந்தக் கோட்டுக்கு எதிரி எந்தக் கோணத்தில் போகிறானோ, அதே கோணத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நம்மவனை அனுப்பு. இருவர் வேகமும் சமமாக இருந்தால் இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் சந்தித்துவிடுவார்கள். நம்மவன் வேகம் அதிகமென்றால் முன்னதாகவே போய்க் காத்திருக்கலாம். பள்ளிக்கூட வடிவியல்தான். விமானப்படையினர் அதற்கு டிஸர்டின் பெயரையே சுருக்கி 'டிஸ்ஸி கோணம்' என்று பட்டம் வைத்தார்கள். இன்னும் சில மாதம் போனதும், பழகிய அதிகாரிகள் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தே திசை சொல்லிவிடும் அளவுக்குத் தேறினார்கள்.

ஆக, முதலில் பெரிய கருவி, அடுத்து எளிய விதி, கடைசியில் பழகிய கண். எந்தக் கருவி வேண்டாம் என்பது ஒத்திகையில்தான் தெரிந்தது. மேசையில் உட்கார்ந்து திட்டம் எழுதியிருந்தால் அந்தக் கணக்குக் கருவிகளை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் வெளியே வந்தது. எதிரி எங்கே என்பதைப் போலவே, நம் விமானம் எங்கே என்பதும் அறைக்குத் தெரிய வேண்டும். மேகத்துக்கு மேலே பறப்பவனுக்குத் தான் இருக்கும் இடமே சரியாகத் தெரியாது. அதற்கு 'பிப்-ஸ்குவீக்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. படைப்பிரிவில் ஒரு விமானத்தின் வானொலி ஒவ்வொரு நிமிடத்திலும் 14 விநாடி தானாகவே ஒலி அனுப்பும். தரையில் மூன்று நிலையங்கள் அது வரும் திசையைப் பார்த்துச் சொல்ல, மூன்று கோடுகளும் வெட்டும் இடத்தில் நம் விமானம்.

1936 ஜூலையில் சண்டை விமானப் படைக்குத் தலைவராக வந்தவர் ஹியூ டௌடிங். அதிகம் பேசாதவர், சிரிக்கவும் மாட்டார். லண்டனுக்கு வெளியே பென்ட்லி பிரையரி என்ற பழைய மாளிகையில் அவருடைய தலைமையகம். முதல் உலகப் போரின் கடைசியில் ஆஷ்மோர் என்ற தளபதி லண்டனைக் காக்க ஒரு வரைபட மேசையும் தொலைபேசிக் கம்பிகளும் அமைத்திருந்தார். டௌடிங் அந்தப் பழையதைத் தூக்கி எறியவில்லை. அதன்மேல் ரேடாரையும் பிக்கின் ஹில்லில் கற்றதையும் சேர்த்துக் கட்டினார்.

ரேடார் வேலை செய்யத் தொடங்கியதும் அடுத்த தலைவலி. தகவல் இல்லை என்ற கவலை போய், தகவல் அதிகம் என்ற கவலை வந்தது. ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் பார்க்கும். ஒன்று இங்கே என்கும், இன்னொன்று ஐந்து மைல் தள்ளி என்கும். எத்தனை விமானம் என்பதிலும் ஒற்றுமை இராது. எல்லாவற்றையும் அப்படியே மேசைமேல் வைத்தால் ஒரு கூட்டம் மூன்றாகத் தெரியும். ஆகவே நடுவில் ஓர் அறை வைத்தார்கள். அதற்கு வடிகட்டும் அறை என்றே பெயர். போட்ஸி என்ற ஆய்வு நிலையத்தில் பழகிப் பார்த்துவிட்டு, 1938 முடிவதற்குள் பென்ட்லி பிரையரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து ரேடார் தூரத்தைச் சரியாகச் சொல்லும், திசையில் தடுமாறும். ஆகவே வடிகட்டுபவர் இரண்டு நிலையங்கள் சொன்ன தூரத்தை மட்டும் எடுத்து இரண்டு வளைவு போடுவார். அவை வெட்டும் இடமே எதிரி இருக்கும் இடம். எந்த நிலையம் எதில் பலவீனம் என்பது அவருக்கு அத்துப்படி. நம் பழைய அலுவலகங்களில், எந்தப் பிரிவிலிருந்து வரும் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்த தலைமை எழுத்தர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல.

வடிகட்டிய தகவல் மூன்று மட்டங்களுக்குப் போயிற்று. தலைமையகம், அதன் கீழே நான்கு வட்டாரங்கள், ஒவ்வொரு வட்டாரத்திலும் பல பிரிவுத் தளங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி வில்லைகள். ஆனால் ஒவ்வொருவர் எடுக்கும் முடிவும் வேறு. அபாயச் சங்கு ஊதுவது, வட்டாரங்களுக்குள் படையைப் பங்கிடுவது தலைமையகத்தின் வேலை. எந்தப் படைப்பிரிவு எப்போது கிளம்ப வேண்டும் என்பது வட்டாரத் தளபதியின் முடிவு. கிளம்பியவனுக்குத் திசை சொல்வது பிரிவுத் தளத்தின் பொறுப்பு. எதிரியைக் கண்ணால் கண்ட விநாடியிலிருந்து எல்லாம் விமானியின் கையில், அதன்பின் தரையில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. பார்க்கும் படம் ஒன்று, முடிவு அவரவருக்கு உரியது. டௌடிங் தாமே எல்லா முடிவையும் எடுக்க நினைத்திருந்தால், அவர் மேசைக்குக் கோப்பு வந்து சேர்வதற்குள் லண்டன் எரிந்திருக்கும்.

இனி அந்தக் கடிகாரத்துக்கு வருகிறேன். அறையின் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அதன் முகத்தை ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாற்றி மாற்றி வண்ணம் பூசியிருப்பார்கள். தகவல் வந்தபோது நிமிட முள் எந்த வண்ணத்தில் நின்றதோ, அந்த வண்ண வில்லையைத்தான் மேசைமேல் வைக்க வேண்டும். வைத்தவர்களில் பெரும்பாலோர் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்த இளம்பெண்கள். காதில் ஒலிவாங்கி, கையில் நீண்ட கோல். மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் தளபதி குனிந்து பார்த்தால், யாரிடமும் கேட்காமலே எந்தத் தகவல் புதியது, எது ஆறிப் போனது என்று தெரிந்துவிடும். இப்போது நேரம் மஞ்சளில் இருக்க, ஒரு வில்லை மட்டும் சிவப்பாக இருந்தால் அது பழைய செய்தி. வண்ணச் சுற்று திரும்பி வருவதற்குள் பழைய வில்லைகளை அகற்றிவிடுவார்கள்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறை ஒன்று திறப்பார்கள். இரவுப் பணியில் இரண்டு பேர், ஒரு தொலைபேசி, ஒரு தடித்த பதிவேடு. அங்கிருந்த பழைய கண்காணிப்பாளர் ஒருவர் அந்தப் பதிவேட்டில் மூன்று நேரப் பத்திகள் போட்டு வைத்திருந்தார். சொன்னவர் தண்ணீரைப் பார்த்த நேரம், நமக்குச் சொன்ன நேரம், நாம் மேலே சொன்ன நேரம். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் எழுதுவோம். பின்னர் அந்த அறைக்குக் கணினி வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. பதிவேட்டில் எழுதிய எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் தெரு, வட்டம், தேதி என்று அழகாகக் கட்டங்கள் இருந்தன. நேரத்துக்குக் கட்டமே இல்லை. தட்டச்சு செய்த வரிசையில்தான் எல்லாம் அச்சாகி வரும்.

ஓர் ஐப்பசி இரவில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் லாரியை அனுப்பினார்கள். சாயங்காலமே தண்ணீர் வடிந்துவிட்ட தெருவுக்கு லாரி போயிற்று. முழங்கால் அளவு ஏறிக்கொண்டிருந்த தெருவின் செய்தி தாளின் அடியில் கிடந்தது. கூரையில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு கிழவியையும் இரண்டு குழந்தைகளையும் பக்கத்து மீனவர்கள் கட்டுமரத்தில் போய் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதனால் விசாரணையும் இல்லை, அந்தக் கட்டமும் வரவில்லை. கண்காணிப்பாளர் அடுத்த மழைக்குப் பழைய பதிவேட்டையே தம் பணத்தில் பைண்டு பண்ணிக்கொண்டு வந்து வைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலக் கடிகாரத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேள்விப்பட்டிருந்தால் ரசித்திருப்பார்.

மறுபடி 1939க்குப் போவோம். போர் தொடங்கியபோது கரையோரம் சுமார் 20 ரேடார் நிலையங்கள் இருந்தன. அவை கடலைப் பார்த்து நின்றன. கரை தாண்டி உள்ளே வந்த விமானத்தை அவற்றால் பார்க்க முடியாது. அங்கே கண்ணும் தொலைநோக்கியும்தான். பார்வையாளர் படை என்று சுமார் 30,000 தன்னார்வலர்கள் வயல்வெளிகளிலும் குன்றுகளிலும் நின்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிய கருவியோடு பழைய கண்ணையும் ஒரே மேசையில் சேர்த்தது இந்த ஏற்பாட்டின் பலம்.

குறை இல்லாமலும் இல்லை. போர் அறிவித்து மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6ஆம் தேதி காலை, எதிரி வருவதாக ஒரு தவறான செய்தி எழுந்தது. அதைப் பார்க்கக் கிளம்பிய நம் விமானங்களையே ரேடார் எதிரியாகக் காட்ட, இன்னும் விமானங்கள் கிளம்பின. மேசைமேல் எதிரி பெருகிக்கொண்டே போனான். கடைசியில் ஸ்பிட்ஃபயர்கள் இரண்டு ஹரிக்கேன்களைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். வானத்தில் ஒரு ஜெர்மானியன்கூட இல்லை. பார்க்கிங் கிரீக் சண்டை என்று கேலியாக அதற்குப் பெயர். அதன் பிறகு, நம் விமானம் என்று ரேடாருக்குத் தெரிவிக்கும் கருவியை எல்லா விமானங்களிலும் பொருத்துவதில் அவசரம் காட்டினார்கள். இரவிலும் இந்த ஏற்பாடு கைகொடுக்கவில்லை. கடைசி இரண்டு மைலில் விமானியின் கண் தேவைப்பட்டது. இருட்டில் கண் என்ன செய்யும்?

1940 மே மாதம் பிரான்சில் போர் மோசமானபோது, இன்னும் விமானப் படைப்பிரிவுகளை அனுப்புங்கள் என்று பாரிஸ் கேட்டது. சர்ச்சில் மனம் இளகினார். போட்ஸியில் 1938 முதலே விஞ்ஞானிகளின் சிறு குழு ஒன்று படையினரோடு உட்கார்ந்து வேலை முறைகளை ஆராய்ந்து வந்தது. உலகமெங்கும் இன்று 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' என்று கல்லூரிகளில் படிப்பது அங்கே பிறந்ததுதான். அந்தக் குழுவின் ஹெரால்ட் லார்ண்டர் டௌடிங்குக்காக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். நாளொன்றுக்கு எத்தனை ஹரிக்கேன் இழக்கிறோம், எத்தனை புதிதாக வருகிறது என்று இரண்டு கோடுகள், அவ்வளவுதான். டௌடிங் அதை அமைச்சரவையில் வைத்தார். மே 16ஆம் தேதி கடிதமும் எழுதினார். நாட்டைக் காக்க 52 படைப்பிரிவுகள் தேவை என்று கணக்கிட்டிருந்தோம், கையில் இருப்பது 36க்குச் சமம் என்று. மேலும் அனுப்புவது விரைவில் நிறுத்தப்பட்டது. பிரெஞ்சுப் பாடம் படித்த எனக்கு அந்த வரைபடம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

அதே நாட்களில் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமலென் பாரிஸ் ஓரத்தில் வான்சென் கோட்டையில் இருந்தார். அந்தத் தலைமையகத்தில் வானொலி நிலையமே கிடையாது. உத்தரவுகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் போயின. மார்க் பிளோக் என்ற பெரிய வரலாற்று ஆசிரியர் அந்தப் போரில் படைக்கு எரிபொருள் பங்கிடும் கேப்டனாக இருந்தார். தோல்விக்குப் பின் அதே கோடையில் உட்கார்ந்து ஒரு நூல் எழுதினார். 1946இல் அது அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. 1944 ஜூனில் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். படைத் தலைமைக்குக் காலத்தின் வேகம் பிடிபடவில்லை என்பது அவருடைய முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிரெஞ்சு வீரனுக்குத் துணிவு குறைவு என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம் ஊர்ச் சொல்தாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே இல்லாமற் போனது துணிவு அல்ல. நேரத்தோடு சேர்ந்து செய்தி நடக்கும் பாதை இல்லை.

கால்வாயின் மறுகரையில் அந்தப் பாதை நான்கு வருடம் பழகியிருந்தது. 1940 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஜெர்மானியர் ரேடார் கோபுரங்களைத் தாக்கினார்கள். வென்ட்னர் நிலையம் பலத்த சேதமடைந்தது. மூன்று நாள் கழித்து, இவற்றை அடித்துப் பயனில்லை என்று கோரிங் முடிவு செய்தார். கோபுரத்தைப் பார்த்தாரே தவிர, அதன் பின்னால் தொலைபேசிக் கம்பியும் மேசையும் பெண்களின் கோல்களும் இருப்பதை அவர் எடைபோடவில்லை.

செப்டம்பர் 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அக்ஸ்பிரிட்ஜ் நிலவறைக்கு வந்தார். தென்கிழக்கு வட்டாரத்தின் தளபதி கீத் பார்க் மேசையைப் பார்த்தபடி ஒவ்வொரு படைப்பிரிவாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னும் என்ன கையிருப்பு என்று சர்ச்சில் கேட்க, ஒன்றும் இல்லை என்றார் பார்க். அந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொல்ல முடிந்ததே, அதுதான் அந்த அறையின் பெருமை. எத்தனை கிளம்பின, எத்தனை இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்கின்றன என்பதெல்லாம் சுவரில் விளக்கு விளக்காக எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் டௌடிங்கையும் பார்க்கையும் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள். கட்டியவனை அனுப்பிவிட்டுக் கட்டடத்தை வைத்துக்கொள்வது எல்லா அரசாங்கத்திலும் உண்டு.

அக்ஸ்பிரிட்ஜ் நிலவறை இப்போது அருங்காட்சியகம். தரைக்குக் கீழே சுமார் 60 அடி. மேசையை 1940 செப்டம்பர் 15 காலை இருந்தபடியே வைத்திருக்கிறார்களாம். வண்ணக் கடிகாரமும் சுவரில் இருக்கிறது. என்னால் இனிப் போய்ப் பார்க்க முடியாது, முழங்கால் விடாது.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கணினித் துறையில் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஓர் அலுவலகத்துக்கு ஏதாவது செய்து கொடுக்கப் போகும்போது, முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். அங்கே பதிவேடு எழுதுபவரின் பக்கத்தில் ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்காரட்டும். காகிதத்தில் கட்டம் போட்டு, அவர் கையாலேயே எழுதச் சொல்லி, போலியாக ஒரு மழை இரவை நடத்திப் பார்க்கட்டும். அவர் ஏன் மூன்று நேரம் எழுதுகிறார் என்று கேட்கட்டும். கேட்டால் சொல்வார். எங்களை யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.